மாடிச் சுழலி: 240 மணி நேரப் பதிவு

ஜூன் 9, திங்கள்

காலை 6.40. பதிவு 212 மணி நேரம். காற்று 2.8 மீ/வி, மேற்கு. வெப்பம் இப்பவே 31.

ஷெட் மாடியில் நான் மட்டும். கீழே ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக. நைட் ஷிஃப்ட் ஆட்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கும் கொட்டாவி.

சுழலி சுற்றுகிறது. 2.8-க்கே சுற்றுகிறது. மற்ற கம்பெனிக்காரன் சுழலியெல்லாம் 4 வந்தால்தான் அசையும். இதுதான் எங்கள் சரக்கு. ஊருக்குள் அடிக்கிற சோம்பேறிக் காற்றிலும் மொட்டைமாடியில் நின்று கரன்ட் கொடுக்கும். செங்குத்து அச்சு, முறுக்கிய இறக்கை மூன்று. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலையில்லை. ஃபிட்டர் குமார் அண்ணன் இதை மத்து என்பார். “இன்னா தினேஷு, மத்து மோர் கடையுதா?” தினமும் இதே கேள்வி. தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

இன்று:
– எண்களைப் பதிகிற லாகரிலிருந்து டேட்டா இறக்குதல். முடிந்தது.
– பேட்டரி டெர்மினல் துடைத்தல்.
– தாங்கு கம்பி நான்கும் முறுக்குப் பார்த்தல். 13-ம் நம்பர் ஸ்பேனர் காணோம். இந்த ஷெட்டில் எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பவன் ஒருத்தன்கூட இல்லை.

7.05. முதலாளி ரகு சார் மெசேஜ். நாளை 240 மணி நேரம் முடிய வேண்டும். வியாழன் ரிப்போர்ட். ஞாயிறு படப்பை அடுக்ககக் கூட்டம், அங்கே என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் நான்கு சுழலி வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். எங்கள் முதல் ஆர்டர். கிடைத்தால் ஷெட் ஓடும். எனக்கும் 30-ம் தேதியோடு டிரெய்னி முடிகிறது. கிடைத்தால் பர்மனென்ட்.

மதியம் மெஸ்ஸில் சாம்பாரா ரசமா என்று தெரியாத ஒன்று. கேட்டதற்கு, “ரெண்டும்தான் தம்பி.”

சாயங்காலம் நாலரைக்குக் கடல் காற்று வந்தது. 5.6 வரை. நன்றாக ஏறுகிறது. கழுத்துக்குப் பின்னால் வெயிலில் தோல் உரிகிறது.


ஜூன் 10, செவ்வாய்

10.40-க்கு 240 தொட்டது. லாகர் திரையைப் போட்டோ எடுத்து ரகு சாருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

11.15. படப்பை அடுக்ககச் சங்கச் செயலாளர் ஷாகிதா மேடம் நேரில் பார்க்க வந்தார். ரகு சார் இஸ்திரி போட்ட சட்டையில். மேடம் கையில் ஒரு ஸ்கூல் நோட்டு, பேனா. எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறார். கரன்ட் போனால் அவர்கள் படிக்கட்டு இருட்டு, தண்ணி மோட்டார் நின்றுவிடும். சோலார் போடலாம் என்றால் மேற்கே ஒன்பது மாடி ஒன்று எழும்பிவிட்டது, மதியத்துக்கு மேல் மாடி முழுக்க நிழல்.

“அதான் காத்தையாவது பிடிக்கலாம்னு வந்தேன். இப்ப எவ்ளோ அடிக்குது?”

“2.4 மேடம்.”

“2.4.” எழுதிக்கொண்டார். “எனக்கு முகத்துலயே படலியே. இது பாட்டுக்குச் சுத்துதே.”

“அதுதான் மேடம் நம்ம டிசைன்,” என்றார் ரகு சார்.

பின்னாலிருந்து குமார் அண்ணன்: “கோச்சுக்கினு இது பக்கத்துல நின்னு மூச்சு வுட்டாக்கூட சுத்தும் மேடம்.”

மேடம் சிரித்தார். செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார். முதலில் அசையாத வேப்பமரம், பிறகு மெல்லத் திருப்பிச் சுற்றுகிற சுழலி. கெட்டிக்காரர்.

“ரிப்போர்ட்ல யாரு கையெழுத்துப் போடுவாங்க?”

“இவர்தான். தினேஷ். டெஸ்ட் முழுக்க இவர் பொறுப்பு.”

“தம்பி, உங்க வீட்டு மாடியில இதை வைப்பீங்களா?”

“வைப்பேன் மேடம்.” அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். எங்கள் வீடு ஓட்டு வீடு. மாடியே கிடையாது.

போகும்போது ரகு சார் என் தோளில் தட்டினார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.


ஜூன் 11, புதன்

வெயில் 39. காற்று மதியம் வரை செத்துக் கிடந்தது.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். இதுவரை வாட் வரைபடம் மட்டும்தான் போட்டிருந்தேன். ஜனங்களுக்கு வாட் தான் புரியும் என்று ரகு சார் சொல்லியிருந்தார். அட்டவணை முழுசாக இருக்கட்டும் என்று இன்று கடைசியாக ஒரு பத்தி சேர்த்தேன். காற்றில் இருப்பதில் நாம் எடுத்தது நூற்றுக்கு எவ்வளவு.

3 மீ/வி: காற்றில் 56 வாட். எடுத்தது 44. நூற்றுக்கு 79.
3.5 மீ/வி: காற்றில் 88. எடுத்தது 61. நூற்றுக்கு 69.
8 மீ/வி: காற்றில் 1054. எடுத்தது 300. நூற்றுக்கு 28.

கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அதேதான்.

நூற்றுக்கு 59-க்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது. எவன் செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும். மொத்தத்தையும் பிடுங்கிவிட்டால் காற்று அங்கேயே நின்றுபோகும், பின்னால் வருகிற காற்றுக்கு வழியிருக்காது. காலேஜில் இதற்குப் பத்து மார்க் கேள்வி. நான் 79 எடுத்திருக்கிறேன். நாளைக்கு இதை விவரம் தெரிந்த ஒருத்தன் பார்த்தால் காறித் துப்புவான்.

உடனே தோன்றியது: காற்று வேகம் அளக்கிற கிண்ணம் குறைவாகக் காட்டுகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள், தொட்டி மறைக்கிறது. நேரே மாடிக்குப் போனேன். குமார் அண்ணன் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“தொட்டிக்குப் பின்னாடி மாட்டினா எப்படிண்ணே காத்து வரும்?”

“நீ காட்டின எடத்துலதான் மாட்னேன். சாக்பீஸ்ல கோடு போட்டதே நீதான்.”

“நான் போட்ட கோடு இது இல்ல.”

“அப்போ கோடு எழுந்து நடந்து வந்துச்சா?”

“டேப்பு பிடிக்கத் தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு டெஸ்ட் பண்ணினா இப்படித்தான்.”

அசெம்பிளி அக்காக்கள் இரண்டு பேர் துணி காயப்போட வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குமார் அண்ணன் பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவில் போட்டார். படியிறங்கிப் போய்விட்டார். பதினெட்டு வருஷம் ஃபிட்டர்.

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லியாகிவிட்டது.

கிண்ணத்தை நானே கழற்றி, தொட்டியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் உயர்த்தி மாட்டினேன். ஆணி குத்திக் கட்டைவிரல் கிழிந்தது. சரியாகும் என்று நினைத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.


ஜூன் 12, வியாழன்

காலை 5.45. சரியாகவில்லை. விடிய விடியப் பதிவானதைப் பார்த்தேன். 3 மீ/வி-யில் நூற்றுக்கு 77. கிண்ணத்தின்மேல் தப்பில்லை. குமார் அண்ணன் மாட்டியதிலும் தப்பில்லை.

மாடியில் காற்று சுத்தமாக இல்லை. எதிர் டீக்கடை அடுப்புப் புகை நூல் பிடித்தது போல் நேரே மேலே. கிண்ணம் மூன்றும் அசையாமல். திரையில் 0.0.

சுழலி சுற்றிக்கொண்டிருந்தது.

நின்றது. இருபது எண்ணினேன். யாரோ தள்ளிவிட்ட மாதிரி மறுபடி கிளம்பியது. டீக்கடைக்கு வந்த ஒருவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, “இன்னாப்பா இது, காத்தே இல்ல, பேய் புடிச்சா மாரி சுத்துது,” என்றார்.

பேட்டரி கேபிளில் மீட்டரை மாட்டினேன். கரன்ட் சுழலியிலிருந்து பேட்டரிக்கு வரவில்லை. பேட்டரியிலிருந்து சுழலிக்குப் போகிறது.

8.10-க்கு ஸ்டெல்லா வந்தாள். சுழலியை இயக்குகிற கன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதியவள். பையைக்கூட வைக்க விடாமல் கேட்டேன்.

“ஸ்டார்ட் கிக் டா. உனக்குத் தெரியாதா?”

தெரியும். எல்லோருக்கும் தெரியும். இந்த மாதிரி இறக்கை தானாகக் கிளம்பாது, பைக்கில் கிக்கர் உதைக்கிற மாதிரி ஜெனரேட்டரையே மோட்டாராக்கி ஒரு உதை கொடுத்துக் கிளப்பிவிட வேண்டும். அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று விநாடி என்று நினைத்திருந்தேன்.

“மார்ச்சுல ரகு சார் நேரத்தைக் கூட்டச் சொன்னாரே. பாக்க வர்றவங்க முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தா நல்லா இல்லைன்னு. இப்ப 4-க்குக் கீழ காத்து இருந்தா கிட்டத்தட்ட எப்பவுமே கிக் தான். ஏன், உன் லாகர்ல மைனஸா வந்திருக்குமே. நீ கழிச்சிருப்பன்னு நெனச்சேன்.”

மைனஸ்.

கரன்ட் அளக்கிற சென்சார் மாட்டிய முதல் நாள். ஏப்ரல் கடைசி. வயரை நான்தான் மாற்றி மாட்டிவிட்டேன், எல்லா எண்ணும் மைனஸில் வந்தது. சரி செய்ய வேண்டுமானால் கம்பத்தடிப் பெட்டியைத் திறக்க வேண்டும், எட்டு ஸ்க்ரூ, உச்சி வெயில். நான் திறக்கவில்லை. லாகர் புரோகிராமில் ஒரே ஒரு வரி எழுதினேன். மைனஸ் வந்தால் பிளஸ் ஆக்கு. இரண்டு நிமிஷம். எண்ணெல்லாம் அழகாகிவிட்டது. சாப்பிடப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து பேட்டரி சுழலிக்குக் கொடுத்தது எல்லாம், சுழலி பேட்டரிக்குக் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“எட்டு ஸ்க்ரூ,” என்றாள். அதோடு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்து கன்ட்ரோலர் பதிவை பென்டிரைவில் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எந்த நிமிஷம் உதைத்தது, எந்த நிமிஷம் உண்மையாகவே காற்று சுற்றியது, எல்லாம் அதில் இருந்தது.

2 மணி. பொருத்திப் பார்த்து முடித்தேன். 240 மணி நேரத்தில் 11.4 யூனிட் என்று எழுதியிருந்தேன். நிஜம் 3.2. 4-க்குக் கீழே காற்று இருந்தால் சுழலி கொடுப்பதைவிடக் குடிப்பது அதிகம்.

குமார் அண்ணனிடம் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நான் சொன்னது தப்புண்ணே. கிண்ணம் சரியாத்தான் இருந்துச்சு. வயரை மாத்தி மாட்னது நான்தான். விடுங்க அதை, மேல போய் பெயின்டை முடிங்க, காயுது.”

“நீ சாரி சொல்றதும் திட்ற மாரியே கீது தினேஷு.”

ஆனால் டீ ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

ரிப்போர்ட் அனுப்பவில்லை. ரகு சார் வெளியில் ஒரு மீட்டிங்கில். போனில், “நேர்ல சொல்லு. நாளைக்கு.”


ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மேகம் வந்து வந்து போகிறது. மழை இல்லை.

9.30 ரகு சார் ரூம். அட்டவணை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வயர், அந்த வரி, கிக். எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“யார் யாருக்குத் தெரியும்?”

“ஸ்டெல்லா. குமார் அண்ணன்.”

இரண்டாவது அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் பார்ட்ஸ் கம்பெனியில் நல்ல வேலையை விட்டு வந்தவர். ஷெட்டில் மொத்தம் பதினோரு பேர். “நாலு வருஷம் தினேஷ்,” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்புறம்: “பொய் எழுதுன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். 5-க்குக் கீழ இருக்கற வரியை எல்லாம் எடுத்துடு. 5-க்கு மேல இருக்கறது நெஜம்தானே?”

“நெஜம்தான் சார்.”

“ஒரு எண்ணாவது தப்பா?”

“இல்ல.”

“அப்போ அதுல கையெழுத்துப் போடறதுக்கு உனக்கு என்ன?”

“அவங்க மாடியில 5 அடிக்குமா சார்?”

“அது அவங்க மாடி.”

எழுந்தபோது, “முப்பதாம் தேதி உன் டிரெய்னிங் முடியுதுல்ல. லெட்டர் ரெடி பண்ணச் சொல்லியிருக்கேன்.” மிரட்டல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மதியம் முழுக்க அந்த ரிப்போர்ட். 5-லிருந்து ஆரம்பிக்கிற வரைபடம். கோடு வழவழவென்று ஏறுகிறது. பார்க்க முன்னதைவிட நன்றாக இருக்கிறது, ஒரு பக்கம் குறைவு வேறு. எல்லா எண்ணும் சரி. எங்கள் மாடியில் 240 மணி நேரத்தில் 5-க்கு மேல் அடித்தது 31 மணி நேரம் என்பது மட்டும் அதில் இல்லை. யாரும் கேட்கவில்லையே.

5.20. கையெழுத்துப் போட்டேன். நீல மை.

ஸ்டெல்லா பிரின்டரிலிருந்து எடுத்துப் புரட்டினாள். “சின்னதாயிடுச்சே.” திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

7 மணிக்கு அம்மா போன். பர்மனென்ட் ஆச்சா என்று. ஆயிடும் என்றேன். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.


ஜூன் 14, சனி

படப்பை. கம்பம் நடுகிற இடம் குறிக்க வேண்டும், ரிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். குமார் அண்ணன் பைக் ஓட்ட, நான் பின்னால், பையில் ரிப்போர்ட், கையில் சின்னக் கிண்ணம். வழி முழுக்க டிரெய்லர் லாரி. வாயெல்லாம் மண்.

மாடி. மேற்கே அந்த ஒன்பது மாடி சுவர் மாதிரி நிற்கிறது. வெயிலை மறைக்கிறது என்று மேடம் சொன்னார். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
நடுவில் 1.6.
தெற்கு மூலை 2.2.
தொட்டி மேல் ஏறி நின்று 1.9.
சுவரோரம் 0.7.
முக்கால் மணி நேரம். 2.5 தாண்டவில்லை.

“ஏரிக்கரையில வெச்சாலாச்சும் சுத்தும்,” என்றார் குமார் அண்ணன், சாக்பீஸில் வட்டம் போட்டுக்கொண்டே. “செம்பரம்பாக்கத்துல நின்னா வேட்டி நிக்காது. இங்க ஊதுவத்தி ஏத்தினா பொகை நேரா மேல போவும்.”

“தெரியுது. போடுங்க.”

“போட்டுக்கினுதான் கீறேன்.”

ஷாகிதா மேடம் வந்தார். ஃபிளாஸ்கில் டீ. சங்கத்து வாட்ஸ்அப் குழுவைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை எடுத்த வீடியோ. கீழே, ‘காற்றே இல்லாமல் சுற்றுகிறது. நம் மாடிக்கு இதுதான் சரி.’ வரிசையாகக் கைதட்டல். ஒருத்தர், ‘படியில் இனி செல்போன் லைட் வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்.

ரிப்போர்ட்டைக் கேட்டார். பையிலிருந்து எடுத்தேன். கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தார். நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, இது 5-லருந்து ஆரம்பிக்குது. அன்னைக்கு 2.4-ல சுத்திச்சே. எழுதி வெச்சிருக்கேன். அது இதுல எங்க?”

அது வேற செட்டிங் மேடம் என்று சொல்லலாம். அது டெமோ என்று சொல்லலாம். இரண்டும் வாய் வரை வந்தது. குமார் அண்ணன் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டார்.

“அன்னைக்கு சுத்தினது காத்து இல்ல மேடம். எங்க பேட்டரி.”

“பேட்டரி எதுக்கு அதைச் சுத்தணும்?”

சொன்னேன். கிக், வயர், அந்த வரி, எடுத்துப்போட்ட பக்கம்.

“அப்போ கரன்ட் போனா, எங்க பேட்டரியில இருக்கறதை எடுத்து இது சுத்திக்கிட்டு இருக்கும்.”

“ஆமா மேடம்.”

“படியில லைட்டு எரியாது. மேல இது மட்டும் ஜோரா சுத்தும்.”

“ஆமா.”

“இங்க இப்ப எவ்ளோ அடிக்குது?”

“1.6. மிஞ்சினா 2.2.”

எழுதிக்கொண்டார். அப்புறம் நோட்டை மூடினார். “நாப்பத்தெட்டு வீட்டுக்கும் என் வாயால சொல்லிட்டேன் தம்பி. இனி இல்லைன்னு சொல்ல வேண்டியது நான் இல்ல, நீங்க. நாளைக்குப் பதினோரு மணி, கார் பார்க்கிங். வந்து சொல்லுங்க.”

ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்டேன். “இது இங்கயே இருக்கட்டும்,” என்றார்.

டீ யாரும் குடிக்கவில்லை.

படியில் இறங்கும்போது குமார் அண்ணன்: “கையெழுத்துப் போட்டுட்டு வந்து வாயால அழிக்கறியே. முன்னாடியே யோசிக்க மாட்டியா நீ?”

“யோசிச்சேன்.”

“இன்னா யோசிச்சியோ போ.”

மணிமங்கலம் பிரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி ரகு சாருக்குப் போன் செய்தேன். மேடத்திடம் சொல்லிவிட்டேன், நாளை கூட்டத்திலும் சொல்லப் போகிறேன் என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தம். “சரி,” என்றார். வைத்துவிட்டார். எந்தச் சரி என்று தெரியவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

மதியம் 3.15. அறை. ரூம்மேட் ஓ.டி. போயிருக்கிறான். நல்லவேளை.

பதினோரு மணிக் கூட்டம் பதினொன்றரைக்கு ஆரம்பம். கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி, முப்பது பேர் இருக்கும். ஷாகிதா மேடம் என்னைக் கையைக் காட்டி, “இவர் சொல்வார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவில்லை. உங்கள் மாடியில் இருக்கிற காற்றுக்கு இந்தச் சுழலி கரன்ட் கொடுக்காது, எடுக்கும் என்றேன். வீடியோவில் சுற்றியது எங்கள் பேட்டரி என்றேன். நான் மாட்டிய வயர் தலைகீழ், அதைச் சரி செய்யாமல் எண்ணைச் சரி செய்தேன் என்றேன்.

அரை டிராயர் போட்ட ஒருவர்: “அப்போ எங்க மாடியில ஃபேன் மாட்ட வந்திருக்கீங்க.”

சிரிப்பு. பின்வரிசையில் ஒரு அம்மா: “எங்க வூட்டு ஃபேனாச்சும் காத்து குடுக்கும்.” இன்னும் சிரிப்பு.

“நீ இன்ஜினியரா தம்பி?”

“ஆமா சார்.”

“சர்டிபிகேட் இருக்கா?”

“இருக்கு.”

“பாத்து வெச்சுக்க.”

காது சூடானது. பதில் சொல்ல நிறைய இருந்தது. சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் ஒருவர் எழுந்தார். இந்த ரிப்போர்ட்டை நம்பிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், இது ஏமாற்று இல்லையா, ஓனர் யார், அவர் ஏன் வரவில்லை, சின்னப் பையனை அனுப்பியிருக்கிறாரா என்று. நியாயமான கேள்வி. சின்னப் பையன் என்றதுதான் கடித்தது.

“நான்தான்.”

பின்னாலிருந்து. ரகு சார். எப்போது வந்தார் என்று தெரியாது. யாருடைய காரிலோ சாய்ந்து நின்றிருந்தார். பழைய டி-ஷர்ட், சவரம் இல்லை. முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். “இவர் சொன்னது எல்லாம் சரி. கிக் நேரத்தைக் கூட்டச் சொன்னது நான். 5-க்குக் கீழ இருந்ததை எடுக்கச் சொன்னதும் நான்.” அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது என்று நினைக்கிறேன், என்னை மாதிரி.

மேடம் எழுந்தார். சுழலி வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கைகூட இல்லை. குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் மட்டும், கிழக்கு பிளாக் மாடியில் காற்று எப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன். மூன்று மாதம் கிண்ணம் வைத்து அளந்தால்தான் தெரியும், அளந்து பார்த்து அங்கேயும் இல்லை என்றுகூட வரலாம் என்றேன்.

“கிண்ணம் கரன்ட் எடுக்குமா?” என்றார் மேடம்.

“சின்ன சோலார் தகடு போதும் மேடம். உங்க லைனைத் தொடாது.”

“அப்ப வெச்சுட்டுப் போங்க. எண்ணை எனக்கும் அனுப்பணும். மைனஸோட.” என் ரிப்போர்ட்டை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ரகு சார் காரில் திரும்பினேன். ஆர்டர் போயிற்று. ஒரகடம் வரை ஏ.சி. சத்தம் மட்டும். வளைவில் இறக்கிவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?”

“தினமும் எத்தனை மணிக்கு வருவ?”

“ஆறரை.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முப்பதாம் தேதி பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை:

1. எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, சென்சார் வயரை மாற்றுவது. காலை 7-க்குள். வெயில் என்று தள்ளக் கூடாது.
2. லாகரில் அந்த வரியை அழிப்பது. ஸ்டெல்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.
3. பழைய 240 மணி நேரத்தை அழிக்கக் கூடாது. கோப்பின் பெயரிலேயே ‘தவறு, தினேஷ்’ என்று போடுவது.
4. கிழக்கு பிளாக்குக்குக் கிண்ணம், கம்பம், தகடு. குமார் அண்ணன் வருவாரா என்று கேட்பது. ஒழுங்காகக் கேட்பது.
5. கிக்கை மூன்று விநாடியாகக் குறைப்பது. காற்று இல்லாத நேரத்தில் யாராவது பார்க்க வந்தால், நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.